தொன் யுவான் என்ற கண்டியரசன்

கண்டி நகரிலிருந்து வடக்கே கட்டுகஸ்தோட்டையை நோக்கிச் செல்லும் சாலையில் மஹய்யாவ என்னும் பகுதி உள்ளது. தமிழ்க் குடும்பங்கள் பல நெடுங்காலமாக வாழ்ந்துவரும் இடம் அது. அவ்விடத்து மேட்டு நிலத்தில் நின்று சுற்றிலும் நோக்குபவருக்கு ஓர் உண்மை எளிதில் விளங்கும். கண்டி ஒரு நகரம் மாத்திரமன்று. இயற்கை அமைத்த ஒரு கோட்டையுமாகும். எத்திசை நோக்கினும் மலை. மலைக்கு அப்பால் மகாவலி கங்கை. பேராதனையில் மேற்கே தோன்றும் அந்நதி, கட்டுகஸ்தோட்டையில் வடக்கே வளைந்து, பின்னர் கிழக்கே திரும்பி, நகரை மூன்று புறமும் அகழிபோற் சூழ்ந்து செல்கிறது.

மலையும் நதியும் காட்டும் நாட்டைப் பிடிப்பதற்குக் கடினமாக்குமேயன்றி, தாமாகவே அதைக் காத்துவிடுவதில்லை. காக்க மனிதன் வேண்டும். பதினாறாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில், கடலோர இலங்கையின் பெரும்பகுதி போர்த்துக்கேயர் கைக்குள் சென்றுகொண்டிருந்த வேளையில், இந்த மலைநாட்டைக் காத்து நிறுத்திய மனிதன் ஒருவன் உண்டு. அவன் அரச குலத்தில் முடிக்குரியவனாகப் பிறந்தவனல்லன்; பிரபு குலத்தவன். பகைவரிடத்திலேயே வளர்ந்தவன். பகைவரின் மதத்தையும் பெயரையும் மொழியையும் ஏற்றவன். இறுதியில் அப்பகைவரையே மலைச்சரிவுகளில் முறியடித்தவன். போர்த்துக்கேயர் அவனைத் தொன் யுவான் என்று அழைத்தனர். மலைநாட்டு மக்கள் அவனைக் கோணப்பு பண்டார என்று அறிந்தனர். வரலாறு அவனை முதலாம் விமலதர்மசூரியன் என்று போற்றுகிறது.

அவன் வாழ்ந்த காலத்தை ஐரோப்பிய வரலாற்றாசிரியர் மறுமலர்ச்சிக் காலம் என்பர். கலையும் கல்வியும் தழைத்த அதே காலம், வாளேந்திய பிரபுக்களின் காலமுமாகும். இத்தாலிய நகரங்களிலே படைத்தலைவர்கள் இன்று ஓர் அரசனுக்கும் நாளை அவன் பகைவனுக்கும் பணிபுரிந்தனர். நம்பிக்கையும் துரோகமும் ஒரே உறையில் இட்ட இரு கத்திகள்போல் இருந்தன. அக்காலத்து அலை கடல் கடந்து இலங்கையிலும் வந்து மோதியது. கோணப்பு பண்டாரவின் வாழ்க்கையை அந்தப் பின்னணியில் வைத்து நோக்கினாலன்றி அதன் முழுப்பொருளும் விளங்காது.

1521ஆம் ஆண்டில் கோட்டை இராச்சியத்து மன்னன் ஆறாம் விஜயபாகு, தன் புதல்வர்களின் சூழ்ச்சியால் கொலையுண்டான். நாடு கோட்டை, சீதாவாக்கை, இறைகமம் என மூன்றாகப் பிரிந்தது. சீதாவாக்கையின் மாயாதுன்னையும், அவன் மகன் இராஜசிங்கனும் போர்த்துக்கேயரை எதிர்த்து நின்றனர். 1559ஆம் ஆண்டில் முல்லேரியாவிற் போர்த்துக்கேயர் அடைந்த தோல்வி இராஜசிங்கனின் பெயரை நாடெங்கும் பரப்பியது. ஆனால் வீரம் மிகுந்த அவ்வரசனுக்கு அயல் நாட்டாசையும் மிகுந்திருந்தது. மலைநாட்டையும் தன் குடைக்கீழ்க் கொண்டுவர அவன் விரும்பினான்.

அப்பொழுது கண்டியை ஆண்டவன் கரலியத்தே பண்டார. போர்த்துக்கேயரின் துணையை நாடிய அவன்மீது கண்டிப் பிரபுக்கள் சிலர் மனக்குறை கொண்டிருந்தனர். அவர்களுள் முதன்மையானவர் பேராதனையைச் சேர்ந்த வீரசுந்தர பண்டார. அவருடைய துணையோடு 1580களின் தொடக்கத்தில் இராஜசிங்கன் கண்டியைக் கைப்பற்றினான். கரலியத்தே பண்டார, தன் சிறு மகளையும் மருகன் யமசிங்க பண்டாரவையும் அழைத்துக்கொண்டு திருகோணமலைப் பக்கமாக ஓடினான். அங்கே அம்மைநோய் அவன் உயிரைக் கவர்ந்தது. ஆதரவற்ற அவ்விருவரையும் போர்த்துக்கேயர் ஏற்றுக்கொண்டனர். மருகன் தொன் பிலிப்பு எனவும், மகள் குசுமாசன தேவி தோனா கத்தரீனா எனவும் ஞானஸ்நானம் பெற்றனர். அரசகுமாரி மன்னாரில், போர்த்துக்கேயரின் பராமரிப்பில் வளர்ந்தாள். கண்டியின் முடிக்குரிமை அச்சிறு பெண்ணின் தலையில் தங்கியிருந்தது. அதைப் போர்த்துக்கேயர் நன்கு அறிந்திருந்தனர்.

கண்டியைத் தேடித் தந்த வீரசுந்தர பண்டாரவுக்கு இராஜசிங்கன் அளித்த பரிசு மரணம். ஓர் அரசனைக் காட்டிக்கொடுத்தவன் மற்றோர் அரசனையும் காட்டிக்கொடுப்பான் என்று அவன் எண்ணியிருக்கலாம். காரணம் எதுவாயினும், அக்கொலை அவன் எதிர்பாராத பலனைத் தந்தது. கொலையுண்டவரின் மகன் கோணப்பு பண்டார தப்பியோடிக் கொழும்பிற் போர்த்துக்கேயரிடம் தஞ்சமடைந்தான். தந்தையைக் கொன்றவனைப் பழிவாங்க வேண்டும் என்பதே அவ்விளைஞனின் முதல் நோக்கமாக இருந்திருக்க வேண்டும். நாட்டு விடுதலை என்னும் எண்ணம் அப்போது அவனுள் முளைத்திருந்ததோ இல்லையோ, பகை முளைத்துவிட்டது.

கொழும்பில் அவன் கிறித்தவ சமயத்தைத் தழுவினான். ஞானஸ்நானத்தில் அவனுக்கு இடப்பட்ட பெயர் ‘ஒஸ்திரியாவின் தொன் யுவான்’ என்பது. இப்பெயரின் பெருமையை அக்காலத்து ஐரோப்பாவில் அறியாதார் இலர். ஸ்பானிய மன்னன் இரண்டாம் பிலிப்புவின் மாற்றாந்தாய்ச் சகோதரனான தொன் யுவான், 1571ஆம் ஆண்டில் லெப்பாந்தோ கடற்போரில் துருக்கியரின் கப்பற்படையைத் தகர்த்த மாவீரன். 1580ஆம் ஆண்டில் போர்த்துக்கல்லின் முடியும் அதே பிலிப்புவின் கைக்கு வந்தது. தங்கள் பேரரசின் தலைசிறந்த வீரனின் பெயரை ஒரு கண்டிப் பிரபுவின் மகனுக்கு இட்டபோது, அவன் தங்களுக்காக மற்றொரு லெப்பாந்தோவை வென்று தருவான் என்று போர்த்துக்கேயர் எண்ணினர் போலும். விதியோ வேறுவகையாக எண்ணியது.

கோணப்பு பண்டார கோவாவுக்கு அனுப்பப்பட்டான். கீழைத் தேசங்களிற் போர்த்துக்கேயர் அமைத்த ஆட்சிக்கு அந்நகரே தலைமையிடம். அங்கே அவன் கற்றவை பல. போர்த்துக்கேய மொழியைப் பேசக் கற்றான். அவர்களின் துப்பாக்கியும் அணிவகுப்பும் எங்ஙனம் இயங்கின என்பதைக் கண்ணாரக் கண்டான். அவர்களின் வலிமை எதில் உள்ளது, பலவீனம் எதில் உள்ளது என்பதையும் அறிந்தான். திறந்த வெளியில் அணிவகுத்து நிற்கும் போர்த்துக்கேயப் படையை வெல்லுதல் அரிது. ஆனால் அப்படைக்கு உணவு வேண்டும், வழிகாட்டுவோர் வேண்டும், சுமை தூக்குவோர் வேண்டும். இவையனைத்திற்கும் அது உள்நாட்டு வீரரையே நம்பியிருந்தது. இலஸ்கரின் என்று வழங்கப்பட்ட அவ்வீரர்கள் விலகினால் அந்தப் பெரும்படை காட்டிடையே வழி தெரியாத சிறு கூட்டமாகிவிடும். இப்பாடத்தை எந்தப் போர்த்துக்கேய ஆசிரியனும் அவனுக்குக் கற்பிக்கவில்லை. பகைவரோடு உண்டு உறங்கிய ஆண்டுகள் கற்பித்தன.

1580களின் பிற்பகுதியில் இராஜசிங்கன் கொழும்புக் கோட்டையை நீண்டகாலம் முற்றுகையிட்டும் வெற்றி காணவில்லை. அவன் கை தளர்ந்தபோது மலைநாட்டிற் கலகம் எழுந்தது. போர்த்துக்கேயர் இதனைத் தக்க தருணமாகக் கொண்டனர். யமசிங்க பண்டாரவாகிய தொன் பிலிப்புவை அரசனாக்குவதற்கு ஒரு படையை அனுப்பினர். அப்படையில் கோணப்பு பண்டாரவும் தலைமைப் பொறுப்பு ஏற்று வந்தான். கண்டி வசமாயிற்று, தொன் பிலிப்பு முடிசூடினான். ஆனால் சிறிது காலத்துள் அவன் திடீரென இறந்தான். நஞ்சூட்டப்பட்டான் என்னும் ஐயம் அன்றே எழுந்தது. அந்த ஐயத்தின் நிழல் கோணப்பு பண்டாரவின்மீது விழுந்தது. அது முற்றும் நீங்கவுமில்லை.

தொன் பிலிப்புவுக்கு ஒரு சிறு மகன் இருந்தான். அவனுக்கும் யுவான் என்பதே பெயர். அச்சிறுவனைப் போர்த்துக்கேயர் தம்மோடு கொண்டு சென்றனர். அவன் கோவா சென்று, பின் போர்த்துக்கல் நாட்டை அடைந்து, லிஸ்பன் நகருக்கு அண்மையில் ஒரு துறவியர் மடத்தை நிறுவி, கண்டியின் இளவரசன் என்ற பெயரோடு 1642ஆம் ஆண்டில் அந்நிய மண்ணிலே மறைந்தான். கண்டியில் இரு யுவான்கள் இருந்தனர். ஒருவன் பெயரைச் சுமந்து நாட்டை இழந்தான். மற்றவன் பெயரைத் துறந்து நாட்டை அடைந்தான்.

தொன் பிலிப்பு இறந்ததும் கோணப்பு பண்டார தன் உண்மை முகத்தைக் காட்டினான். போர்த்துக்கேயரைக் கண்டியினின்றும் வெளியேற்றினான். விமலதர்மசூரியன் என்னும் பெயரோடு அரசேற்றான். மீண்டும் பௌத்த சமயத்தைச் சார்ந்தான். இராஜசிங்கன் சினங்கொண்டு படையெடுத்து வந்தான். ஆனால் மலைவாயில்களைக் கடக்க அவனால் இயலவில்லை. தோல்வியுற்றுத் திரும்பிய அம்முதிய வீரன் 1593ஆம் ஆண்டில் இறந்தான். காலில் தைத்த மூங்கிற் சிராயே அவன் மரணத்திற்குக் காரணம் என்று கூறுவர். அவனோடு சீதாவாக்கையின் பெருமையும் மறைந்தது. தந்தையின் கொலைக்குப் பழி தீர்ந்தது. ஆனால் பழி தீர்ந்த அன்றே, போர்த்துக்கேயருக்கும் கண்டிக்கும் நடுவே நின்ற மதிலும் இடிந்து விழுந்தது.

இந்நிலையில் இக்கதையினுள் மற்றொரு மனிதன் வருகிறான். தமிழ் நேயர்கள் அவனைச் சிறப்பாகக் கவனித்தல் தகும். தென்னிந்தியாவினின்றும் வந்து, இராஜசிங்கனின் அவையில் உயர்ந்து, அவனுக்குப் பெரும் படைத்தலைவனாக விளங்கிய அரிட்ட கீவெண்டு பெருமாள் என்பவனே அவன். மன்னம்பேரி என்றும் ஜயவீரன் என்றும் பட்டப்பெயர்களால் அவன் அறியப்பட்டான். சீதாவாக்கை சிதறியதும் அவன் போர்த்துக்கேயரோடு சேர்ந்தான். அவனுடைய ஆணைக்குக் கட்டுப்பட்ட ஆயிரக்கணக்கான வீரர்களும் அவனோடு வந்தனர். தாழ்நாடு விரைவிற் போர்த்துக்கேயர் வசமாயிற்று. கண்டியொன்றே எஞ்சியிருந்தது.

1594ஆம் ஆண்டில் பேதுரு லோப்பஸ் த சூசா என்பவன் இலங்கையின் முதலாவது கப்பித்தான் ஜெனரலாக, அதாவது தலைமைத் தளபதியாக, நியமிக்கப்பட்டுப் படையுடன் புறப்பட்டான். அவனோடு ஜயவீரனின் பெரும்படையும் சென்றது. அப்படையின் நடுவே, பல்லக்கில், மன்னாரில் வளர்ந்த குசுமாசன தேவியும் சென்றாள். கண்டியின் மக்கள் தங்கள் பழைய அரசனின் மகளைக் கண்டதும் வாளைக் கீழே வைப்பார்கள் என்று தளபதி எண்ணினான்.

விமலதர்மசூரியன் எதிர்த்து நிற்கவில்லை, பின்வாங்கினான். நகரைக் காலி செய்து காடு புகுந்தான். போர்த்துக்கேயர் எளிதாகக் கண்டியுட் புகுந்தனர். குசுமாசன தேவி முடிசூட்டப்பட்டாள். முதலில் மக்கள் அவளை வரவேற்றனர். ஆனால் நாட்கள் செல்லச் செல்ல அவர்கள் கண்டது என்ன? அரசியைச் சுற்றிலும் அந்நியக் காவலர். அவளைக் காணச் செல்லும் பிரபுக்களுக்குத் தடை. அவளைப் போர்த்துக்கேயப் பிரபு ஒருவனுக்கு மணம் முடிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு எங்கும் பரவியது. முடி அரசியின் தலையில் இருந்தது. ஆட்சி வேறொருவர் கையில் இருந்தது. மலைநாட்டார் ஒருவர்பின் ஒருவராக விலகிச் சென்றனர். சந்தைக்கு நெல் வரவில்லை. உணவு தேடி வெளியே சென்ற சிறு படைகள் திரும்பி வரவில்லை.

அடுத்து நிகழ்ந்ததே அப்போரின் திருப்புமுனை. ஜயவீரன் இரகசியமாக விமலதர்மசூரியனோடு தொடர்பு கொண்டிருக்கிறான் என்று காட்டும் ஓலையொன்று போர்த்துக்கேயர் கையிற் சிக்கியது. அது கண்டியரசனே திட்டமிட்டு அனுப்பிய பொய்யோலை என்பது வழக்கு. ஓலை பொய்யோ மெய்யோ, தளபதி அதை நம்பினான். ஜயவீரன் போர்த்துக்கேயரின் பாசறையிலேயே கொல்லப்பட்டான். அச்செய்தி பரவியதும் அவனுடைய வீரர்கள் இரவோடிரவாக மறைந்தனர். பல்லாயிரவராக வந்த படையிற் சில நூறு போர்த்துக்கேயரும் சிறு தொகையினரான துணைவருமே எஞ்சினர்.

வாள் செய்ய இயலாததை ஐயம் செய்து முடித்தது. இராஜசிங்கன் வீரசுந்தரரை ஐயுற்றுக் கொன்றான். அதனால் மலைநாட்டை இழந்தான். த சூசா ஜயவீரனை ஐயுற்றுக் கொன்றான். அதனால் தன் படையை இழந்தான். முதற் கொலையால் தந்தையை இழந்தவனே இரண்டாம் கொலையால் வெற்றி பெற்றான். ஐயம் ஓர் அரசைக் குலைக்கும் விதத்தைத் தன் வீட்டிலேயே கண்டவன், அதனைப் பகைவர்மீது ஏவும் ஆயுதமாக்கினான் என்று கொள்வதில் தவறில்லை.

1594ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் போர்த்துக்கேயர் கண்டியை விட்டு மேற்கு நோக்கிப் பின்வாங்கினர். ஒடுங்கிய மலைப்பாதைகளிலே இருபுறமும் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தன. மறைவிடங்களிலிருந்து அம்பும் குண்டும் மழையெனப் பொழிந்தன. கண்டிக்கு மேற்கேயுள்ள தந்துறை என்னும் இடத்தில் அப்படை முற்றாக அழிந்தது. போர்த்துக்கேயருள் உயிரோடு அகப்பட்டவர் நூற்றுக்கும் குறைவானவரே. கீழைத் தேசங்களில் அவர்கள் கண்ட பேரழிவுகளுள் இதுவும் ஒன்றாகும்.

தளபதி த சூசா படுகாயமுற்றுச் சிறைப்பட்டான். சாகுந்தறுவாயில், தன்னோடிருந்த மகனை உயிரோடு கொழும்புக்கு அனுப்பிவைக்குமாறு அவன் கண்டியரசனை வேண்டினான் என்றும், அரசன் அவ்வேண்டுகோளை நிறைவேற்றினான் என்றும் கூறுவர். தந்தையைக் கொலைக்குப் பறிகொடுத்த ஒருவன், பகைவனின் மகனை அவன் சுற்றத்தாரிடம் அனுப்பிவைத்தது எண்ணத்தக்கது. ஆனால் அதே அரசன், சிறைப்பட்ட ஏனைய வீரர் பலரின் அவயவங்களைச் சிதைத்துக் கொழும்புக்கு அனுப்பினான் என்றும் போர்த்துக்கேயர் எழுதியுள்ளனர். இரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் வரலாற்றுக்கு நேர்மை. த சூசாவுக்குப் பின் தளபதியாக வந்த ஜெரோனிமோ த அசவேது தாழ்நாட்டு மக்கள்மீது புரிந்த கொடுமைகளைப் போர்த்துக்கேய நூலாசிரியரே மறைக்கவில்லை. அது கருணை அரிதாகக் கிடைத்த காலம்.

தந்துறையில் விமலதர்மசூரியன் பெற்ற வெற்றிப் பொருள்களுள் விலைமதிப்பற்றது குசுமாசன தேவியே. அவன் அவளை மணந்தான். அரசகுலத்துப் பெண்ணை மணந்ததால் அவன் முடிக்கு உரிமை உறுதியாயிற்று. வாளால் வந்த அரசு இப்போது வழியுரிமையாலும் வந்ததாயிற்று. ஆனால் அப்பெண்ணின் உள்ளம் என்ன எண்ணியது? பிறந்த நாட்டைக் குழந்தைப் பருவத்திலே இழந்தாள். தந்தையைக் காட்டில் இழந்தாள். அந்நியர் கோட்டையில் வளர்ந்தாள். அவர்கள் அவளைத் தங்கள் ஆட்சிக்கு முத்திரையாகக் கொண்டுவந்தனர். வென்றவன் தன் ஆட்சிக்கு முத்திரையாகக் கொண்டான். அவளைக் குறித்து எழுதியவர் பலர். அவள் சொல்லைக் கேட்டு எழுதியவர் இலர். நாடு காக்கப்பட்ட வரலாற்றில் இவ்வாறு வாய்திறவாது நின்றவர்களின் பங்கையும் மறத்தலாகாது.

அரசைப் பெற்றவன் அதை நிலைநிறுத்தவும் வேண்டும். விமலதர்மசூரியன் அதற்காகச் செய்த செயல்களுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று, புனித தந்தத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்தது. புத்தர்பிரானின் தந்தத்தை வைத்திருப்பவனே இலங்கைக்கு உரிய அரசன் என்பது மக்களின் நெடுங்கால நம்பிக்கை. 1560ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைத் தாக்கிய போர்த்துக்கேயர் அங்கே ஒரு தந்தத்தைக் கைப்பற்றி, அதுவே அப்புனித தந்தம் எனக் கூறிக் கோவாவில் அழித்தனர். ஆனால் உண்மைத் தந்தம் சப்பிரகமுவையில் தெல்கமுவ விகாரையிலே மறைத்துக் காக்கப்பட்டது என்று பௌத்தர் கொண்டனர். அதனை விமலதர்மசூரியன் கண்டிக்கு எடுத்துவந்து, அரண்மனைக்கு அருகே இரண்டு மாடி கொண்ட ஆலயம் அமைத்துப் பிரதிட்டை செய்தான். இன்று உலகெங்குமிருந்து மக்கள் வந்து வணங்கும் தலதா மாளிகைக்கு அதுவே தொடக்கம்.

மற்றொன்று, அருகிப்போயிருந்த பௌத்த சங்கத்தை மீண்டும் தழைக்கச் செய்தது. உபசம்பதா என்னும் உயர்நிலைத் துறவை அளிக்கத்தக்க பிக்குகள் நாட்டில் இல்லாது போயினர். எனவே அவன் பர்மாவின் மேற்குக் கரையிலுள்ள அரக்கான் தேசத்துக்குத் தூதனுப்பி, அங்கிருந்து பிக்குகளை வரவழைத்தான். கண்டிக்கும் பேராதனைக்கும் இடையிலுள்ள கெட்டம்பையில், மகாவலிக் கரையில், அச்சடங்கு நிகழ்ந்தது. ஒரு காலத்தில் கொழும்பிலே ஞானஸ்நானம் பெற்றவன் அன்று நதிக்கரையிற் பௌத்த சங்கத்தின் புரவலனாக நின்றான். இம்மாற்றம் உள்ளத்திலிருந்து வந்ததா, அரசியல் தேவையிலிருந்து வந்ததா என்று பிரித்தறிய இயலாது. அரசனின் வாழ்வில் அவையிரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே ஓடும்.

எனினும் அவன் பகைவரிடம் கற்றதை வீணாக்கவில்லை. சிறைப்பட்ட போர்த்துக்கேயரைக் கொண்டே அரண்மனையையும் அரண்களையும் கட்டுவித்தான். கொழும்பிலிருந்து வரும் வழியைக் காவல்செய்யக் கடுகண்ணாவைக்கு அண்மையில் பலனை என்னும் மலையுச்சியிலே கோட்டை அமைத்தான். பலனை என்னும் சிங்களச் சொல்லே நோக்குதல் என்னும் பொருளுடையது. அங்கே நிற்கும் காவலனின் கண்ணுக்குத் தப்பி எந்தப் படையும் மலையேற இயலாது.

1602ஆம் ஆண்டில் மட்டக்களப்புக் கரையில் புதிய விருந்தினர் வந்திறங்கினர். அவர்கள் ஒல்லாந்தர், ஸ்பெயினோடும் போர்த்துக்கல்லோடும் போரிட்டுக்கொண்டிருந்தவர்கள். அவர்களின் தலைவன் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் கண்டிக்கு அழைத்துவரப்பட்டுச் சிறப்பாக வரவேற்கப்பட்டான். அவன் எழுதிவைத்த நாட்குறிப்பே விமலதர்மசூரியனை நேரிற் கண்டவர் தந்த அரிய சான்று. அரசன் அவனோடு உரையாடப் போர்த்துக்கேய மொழி துணைசெய்தது. அரசனின் அந்தப்புரத்திற்கும் அவன் அழைத்துச் செல்லப்பட்டான். அங்கே அரசியும் குழந்தைகளும் ஐரோப்பியக் கிறித்தவரைப்போல் உடையணிந்திருந்ததை அவன் கண்டான். ஒல்லாந்தரின் இளவரசன் மோரிஸ் குதிரைமீது வீற்றிருக்கும் படத்தை அவன் பரிசளிக்க, அரசன் அதனைத் தன் அறையிலே மாட்டுவித்தான். ஒல்லாந்தர் தன் நாட்டிற் கோட்டை கட்ட விரும்பினால், தானும் தன் மனைவி மக்களும் தோளிலே கல் சுமப்போம் என்னும் கருத்துப்பட அரசன் கூறினான் என்பது ஸ்பில்பேர்கனின் குறிப்பு.

இவ்வார்த்தையிலே மகிழ்ச்சி மாத்திரமன்று, அவாவும் ஒலிக்கிறது. கண்டியரசனிடம் மலை இருந்தது, கப்பல் இல்லை. கடலைக் கையில் வைத்திருக்கும் பகைவனைக் கடலில் எதிர்க்காதவரை, அவன் மீண்டும் மீண்டும் வருவான் என்பதை அவன் அறிந்திருந்தான். அவ்வாறே அசவேது பெரும்படை திரட்டி வந்து, 1603ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பலனைக் கோட்டையைக் கைப்பற்றினான். ஆனால் தந்துறையில் நிகழ்ந்ததே மீண்டும் நிகழ்ந்தது. உள்நாட்டு வீரர் விலகினர். தாழ்நாட்டிற் கலகம் மூண்டது. அசவேது பெருந்துன்பப்பட்டு, வழியெங்கும் போரிட்டுக்கொண்டே கொழும்பை அடைந்தான். முன்னவன்போல் முற்றாக அழியாமல் மீண்டதையே அவனுடைய நாட்டினர் ஒரு பெருஞ்செயலாகப் பாராட்டினர் என்றால், கண்டியின்மீது அவர்கள் கொண்ட அச்சத்தை அளவிட்டுக்கொள்ளலாம்.

ஒல்லாந்தரோடு கொண்ட நட்போ நெடுநாள் நீடிக்கவில்லை. ஸ்பில்பேர்கனுக்குப் பின் செபால்ட் த வேர்ட் என்பவன் வந்தான். கடல்வழியிற் போர்த்துக்கேயரை முற்றுகையிட உடன்பட்டு, 1603ஆம் ஆண்டில் கப்பல்களோடு மட்டக்களப்புக்குத் திரும்பி வந்தான். வந்தவன், தான் பிடித்த போர்த்துக்கேயக் கப்பல்களிலிருந்தோரை விடுதலை செய்துவிட்டான். தன் பகைவரைக் கைக்கெட்டிய பின்பும் தப்பவிட்டது அரசனுக்குப் பெரும் ஐயத்தை உண்டாக்கியது. சந்திப்பின்போது மதுமயக்கத்திலே த வேர்ட் அரசியைக் குறித்துத் தகாத சொல் உரைத்தான் என்றும் கூறப்படுகிறது. அரசன் சினந்தான். த வேர்ட்டும் அவனோடு கரையிறங்கிய பலரும் கொல்லப்பட்டனர். சமாதானம் வேண்டுமாயின் சமாதானம், போர் வேண்டுமாயின் போர் என்னும் பொருள்பட எஞ்சியோருக்கு அரசன் ஓலை அனுப்பினான்.

ஐயத்தைப் பகைவர்மீது ஏவி வென்றவன், இறுதியிலே தானும் ஐயத்திற்கு இரையானான். எந்தக் கடற்படையை நாடி அவன் கல் சுமக்கவும் துணிந்தானோ, அக்கடற்படை ஒரு மாலைப்பொழுதின் சினத்திலே கைநழுவிப் போயிற்று. இது அவனுடைய வாழ்க்கையின் பெருந்தவறு. 1604ஆம் ஆண்டில் நோய்வாய்ப்பட்டு அவன் இறந்தான். அவனுக்குப் பின் அவன் உறவினனும் முன்னர்த் துறவியாக இருந்தவனுமான செனரதன் அரசேற்றான். முடிக்கு உரிமை தேடி அவனும் குசுமாசன தேவியையே மணந்தான். அவர்களின் மகனாகிய இரண்டாம் இராஜசிங்கன் 1638ஆம் ஆண்டிற் பேராதனைக்கு அருகே கன்னொருவையிற் போர்த்துக்கேயப் படையொன்றை அழித்தான். பின்னர் ஒல்லாந்தரின் துணையோடு 1658ஆம் ஆண்டளவிற் போர்த்துக்கேயரின் ஆட்சி இத்தீவினின்றும் முற்றும் அகன்றது. ஒல்லாந்தர் அவர்களுடைய இடத்தில் அமர்ந்துகொண்டது வேறு கதை. கண்டியோ 1815ஆம் ஆண்டுவரை தன் சுதந்திரத்தைக் காத்துநின்றது.

விமலதர்மசூரியனை எவ்வாறு மதிப்பிடுவது? போர்த்துக்கேயர் நூல்களில் அவன் உண்ட வீட்டிற்கு இரண்டகம் செய்தவன். சிங்கள மக்களின் நினைவில் அவன் நாட்டையும் சமயத்தையும் மீட்டவன். இரு கூற்றுக்கும் ஆதாரம் உண்டு. அவனை வளர்த்தவர்கள் அவனைக் கருவியாக்கவே வளர்த்தனர். கருவி என்று எண்ணிய பொருளுக்கு உள்ளமும் உண்டு என்பதை அவர்கள் மறந்தனர். அவனோ, தன்னைப்போலவே கருவியாக்கப்பட்ட ஒரு பெண்ணை அவ்வாறே பயன்படுத்தினான். வீரமும் கொடுமையும், நன்றியும் வஞ்சமும் அவனுள் ஒருங்கே இருந்தன. அவன் தெய்வமுமல்லன், அரக்கனுமல்லன், தன் காலத்து மனிதன்.

ஆயினும் ஒன்று உறுதி. 1594ஆம் ஆண்டில் தந்துறையில் வேறு முடிவு ஏற்பட்டிருக்குமாயின், இலங்கைத் தீவு முழுவதும் அப்போதே ஓர் அந்நிய அரசின் மாகாணமாகியிருக்கும். அடுத்து வந்த இரண்டு நூற்றாண்டுகளில் மலைநாட்டிலே தழைத்த கலைகளும், பெரஹராவும், பின்னாளிற் கண்டி அரியணையில் வீற்றிருந்த நாயக்க மன்னர்களின் வழியே தமிழ்மொழி அவ்வரசவையிற் பெற்ற இடமும் ஏற்பட்டிருக்குமோ என்பது ஐயமே.

இன்று மஹய்யாவையிலிருந்து நோக்கினால் மலைகள் அப்படியே நிற்கின்றன. மாத்தளைக்குச் செல்லும் புகைவண்டி அவ்வழியே ஓடுகிறது. சாலையிலே பேருந்துகள் கட்டுகஸ்தோட்டைக்கு இறங்குகின்றன. தமிழும் சிங்களமும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. எந்தக் காவலனும் இன்று பலனை உச்சியில் நின்று பகைவரின் வரவை நோக்குவதில்லை. ஆனால் அம்மலைகள் சொல்லும் பாடம் மாறவில்லை. கண்டிக்கு வந்த படைகளை அழித்தது மலை மட்டுமன்று. தம்மோடு நடந்தவர்களை நம்ப இயலாத தலைவர்களின் நெஞ்சமும் அவற்றை அழித்தது. மக்களின் நம்பிக்கையைப் பெற்றவனுக்கு மலை மதிலாயிற்று. அதனை இழந்தவனுக்கு அதே மலை கல்லறையாயிற்று.